பல் தேய்ந்த கருக்கரிவாளை எறிய வேண்டாம்

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் சம்பா அறுவடை முடிந்த பிறகு பல வீடுகளில் கூரைச் செருகலைப் பார்த்தால் நாலைந்து கருக்கரிவாள்கள் செருகிக் கிடக்கும். அவற்றில் இரண்டு புதியவை. மற்றவை பல் தேய்ந்து, துரு ஏறி, யாரும் தொடாமல் கிடப்பவை. சமவெளியில் அறுவடை இயந்திரம் வந்துவிட்டதால் கருக்கரிவாளுக்கு முன்போல் வேலையும் இல்லை. எனவே தேய்ந்த அரிவாள் பழைய இரும்புக்காரரின் தராசுக்குப் போய்விடுகிறது. அதே வீட்டில் மாட்டுக்குப் புல்லறுக்க நல்ல அரிவாள் இல்லையே என்று அடுத்த வாரச் சந்தையில் புதிதாக ஒன்று வாங்குகிறார்கள்.

இது தேவையில்லாத செலவு. பல் தேய்ந்த கருக்கரிவாளின் அலகு பெரும்பாலும் நல்ல நிலையிலேயே இருக்கும். தேய்ந்தது ஓரத்தில் உள்ள பல் மட்டுமே. முறை தெரிந்தால் அந்தப் பல்லைப் புதுப்பிக்கலாம். புதுப்பிக்க இயலாத நிலையில், பல்லை அடியோடு எடுத்துவிட்டு, தீட்டிப் பயன்படுத்தும் புல்லரிவாளாக மாற்றிக் கொள்ளலாம். இரண்டுக்கும் வேண்டியது ஓர் அரம், ஒரு சாணைக்கல், ஒரு வாளித் தண்ணீர், கொஞ்சம் பொறுமை. ஆனால் அவசரப்பட்டு மின்சாரச் சாணைச் சக்கரத்தில் காட்டினால் ஒரே நிமிடத்தில் அலகு கெட்டுவிடும். அதைத் தவிர்க்கும் வழியையும் இக்கட்டுரையில் காண்போம்.

கருக்கு எதற்காக?

பனை மட்டையின் ஓரத்தில் கருக்கு இருப்பதை எல்லோரும் அறிவோம். கை பட்டால் ரம்பம் போல் கிழிக்கும். அதைப் போன்ற நுண்ணிய பற்கள் வாயில் இருப்பதால்தான் இதற்குக் கருக்கரிவாள் என்று பெயர்.

நெல் தாளில் மணற்சத்து, அதாவது சிலிக்கா, அதிகம். வைக்கோலைக் கையில் உருவினால் விரல் எரிவது இதனால்தான். இந்தச் சத்து அரிவாளின் வாயைச் சீக்கிரம் மழுக்கிவிடும். பல்லில்லாத அரிவாளால் நெல் அறுத்தால் அடிக்கடி தீட்ட வேண்டியிருக்கும். பல் உள்ள அரிவாளோ தாளைக் கவ்விப் பிடித்து, இழுக்கும்போது ரம்பம் போல் அறுக்கிறது. ஓங்கி வெட்ட வேண்டியதில்லை. கதிர் அதிகம் குலுங்காததால் மணி உதிர்வதும் குறையும்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே மேற்காசியாவில் வளைந்த மரத்துண்டிலோ எலும்பிலோ கூரிய கற்சில்லுகளை வரிசையாகப் பதித்துத் தானியக் கதிர்களை அறுத்திருக்கிறார்கள். ஜப்பான் நாட்டு விவசாயிகள் நெல்லறுக்கப் பல் வைத்த அரிவாளையும், புல்லறுக்கப் பல்லில்லாத அரிவாளையும் தனித்தனியே வைத்திருப்பது வழக்கம். நம் நாட்டில் 1976-ல் போபாலில் தொடங்கப்பட்ட மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் ‘நவீன்’ என்ற பெயரில் திருத்திய அரிவாள் ஒன்றை உருவாக்கியது. அதுவும் பல் உள்ள அரிவாளே. அறுக்கும்போது கை தரையில் இடிபடாதவாறு அதன் பிடி அமைந்திருப்பது கூடுதல் வசதி.

ஆகவே நெல் அறுவடைக்குப் பல் அவசியம். நல்ல பல் உள்ள அரிவாளை யாரும் வீணாகத் தேய்த்துவிட வேண்டாம். மாற்ற வேண்டியது பல் போன அரிவாளை மட்டுமே.

எந்த வேலைக்கு எந்த வாய்?

உலர்ந்த, மெல்லிய, நாருள்ள தாளுக்குப் பல் வாய் ஏற்றது. நெல்லுக்கும், கல்வராயன் மலையில் பயிராகும் சாமை, தினை போன்ற சிறுதானியங்களைத் தாளோடு பிடித்து அறுப்பதற்கும் கருக்கரிவாளே நல்லது. மலைக்காட்டில் சரிவான சிறு துண்டு நிலங்களில் இயந்திரம் இறங்க முடியாது. கையறுவடைதான் செய்ய வேண்டும். அங்கே கருக்கரிவாளுக்கு இன்னும் மதிப்புண்டு. சமவெளியிலும் பயிர் சாய்ந்த வயலிலும், சேறு காயாத வயலிலும், வரப்போர மூலைகளிலும் அது தேவைப்படுகிறது.

பச்சையான, சாறுள்ள, மென்மையான தண்டுக்குப் பல்லில்லாத வாய் ஏற்றது. வரப்புப் புல், குதிரை மசால், வேலிமசால், கீரை, கேழ்வரகுக் கதிர், வாழைச் சருகு ஆகியவற்றை வழவழப்பான வாய் சுத்தமாக வெட்டும். பல் வாயால் பச்சைத் தண்டை அறுத்தால் தண்டு நைந்து நார் தொங்கும். பற்களுக்கு இடையில் சாறும் மண்ணும் அடைத்துக் கொள்ளும். பிறகு பல் இருந்தும் பயனில்லை. மீண்டும் மீண்டும் துளிர்க்க வேண்டிய தீவனப் பயிருக்கு அடிக்கட்டை நையாமல் இருப்பது நல்லது.

கனமான வேலைக்கு இரண்டுமே உதவாது. கரும்பு வெட்டவும், விறகு பிளக்கவும், முற்றிய மரவள்ளிக் குச்சியை நறுக்கவும் கருக்கரிவாளின் மெல்லிய அலகு தாங்காது. பல்லை எடுத்து மாற்றிய பிறகும் தாங்காது. ஓங்கி வெட்டினால் வளையும் அல்லது வாய் சிதறும். அந்த வேலைகளுக்குக் கனத்த வெட்டுக்கத்தியே வேண்டும்.

முதலில் இரு பக்கத்தையும் பாருங்கள்

அரிவாளைக் கையில் எடுத்து வெயிலில் திருப்பிப் பாருங்கள். அலகின் ஒரு பக்கம் தட்டையாக, கோடு எதுவும் இல்லாமல் இருக்கும். மறு பக்கத்தில் வாயிலிருந்து மேல்நோக்கிச் சாய்வாக நெருக்கமான கோடுகள் வெட்டப்பட்டிருக்கும். கொல்லர் உளியால் வெட்டிய பள்ளங்கள் இவை. ஒவ்வொரு பள்ளமும் வாயில் வந்து முடியும் இடத்தில் ஒரு பல் உண்டாகிறது. பல் என்பது தனியாக ஒட்டி வைத்த பொருள் அல்ல. பள்ளத்தின் முனைதான் பல்.

இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மற்ற எல்லாம் எளிது.

பல் வேண்டுமானால் தட்டைப் பக்கத்தைத் தீட்ட வேண்டும். தட்டைப் பக்கத்தில் இரும்பு தேயும்போது மழுங்கிய முனை போய், பின்னால் உள்ள பள்ளத்தின் புதிய முனை வாய்க்கு வரும். பல் தானாகவே புதுப்பிக்கப்படும்.

பல் வேண்டாமென்றால் பள்ளப் பக்கத்தைத் தீட்ட வேண்டும். பள்ளங்கள் தேய்ந்து மறைந்தால் வாய் வழவழப்பாகிவிடும்.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பல் மழுங்கிவிட்டது என்று, கோடு உள்ள பக்கத்திலேயே கல்லைப் போட்டுத் தேய்க்கிறார்கள். இருக்கிற பல்லும் போய்விடுகிறது. வாயும் சரியாகக் கூர்மை பெறுவதில்லை. பாதிப் பல்லும் பாதி மழுக்கலுமாக நின்றுவிடுகிறது. அப்படிப்பட்ட அரிவாள்தான் வைக்கோலில் வழுக்கிக் கையை வெட்டுகிறது.

எனவே முதலில் தட்டைப் பக்கத்தை அலகோடு படிய வைத்து, கல்லால் பத்துப் பதினைந்து தடவை தேய்த்துப் பாருங்கள். விரல் படாமல் ஒரு வைக்கோல் கற்றையில் வைத்து இழுத்துப் பாருங்கள். கவ்வினால் அது இன்னும் கருக்கரிவாள்தான். அதை நெல்லுக்கே வைத்துக் கொள்ளுங்கள். பள்ளங்கள் வாய் வரை எட்டாமல் தேய்ந்திருந்தாலோ, இடையிடையே பல் உடைந்து விழுந்திருந்தாலோ, அதைப் புல்லரிவாளாக மாற்றலாம்.

இன்னொரு சோதனையும் செய்ய வேண்டும். அலகை லேசாகச் சுண்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தாலோ, குறுக்கே மயிரிழை போன்ற விரிசல் தெரிந்தாலோ, காம்பின் அடியில் துரு அரித்து மெலிந்திருந்தாலோ, அந்த அரிவாளை மாற்றும் முயற்சி வேண்டாம். அது பாதி வேலையில் முறிந்து ஆபத்தை உண்டாக்கும்.

வேண்டிய சாமான்கள்

மரப்பிடி போட்ட பத்து அங்குல அரை வட்ட அரம் ஒன்று. பிடி இல்லாத அரத்தின் கூரிய காம்பு உள்ளங்கையில் குத்தும் என்பதால் பிடி கட்டாயம். தட்டை அரத்தால் இந்த வேலை ஆகாது. அரிவாளின் வாய் வளைவின் உட்புறத்தில் இருப்பதால் தட்டை அரமும் தட்டைக் கல்லும் நடுவில் படாமல் இரு ஓரங்களில் மட்டுமே தேய்க்கும்.

இரு முனையும் கூம்பிய, படகு வடிவச் சாணைக்கல் ஒன்று. அரிவாள் தீட்டும் கல் என்று கேட்டால் இரும்புக் கடைகளில் கொடுப்பார்கள். அது உள்வளைவில் நன்றாகப் படியும்.

ஒரு வாளித் தண்ணீர், கொஞ்சம் மண்ணெண்ணெய், துரு தேய்க்க உப்புத்தாள், பழைய தோல் வார் ஒரு துண்டு, தடித்த கையுறை அல்லது சாக்குத்துணி. அலகை அசையாமல் பிடிக்க வைஸ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் இரண்டு மரக்கட்டைகளுக்கு இடையில் அலகை வைத்து, கட்டைகளைக் கயிற்றால் இறுகக் கட்டித் திண்ணை ஓரத்தில் பதித்துக் கொள்ளலாம். காலுக்கடியில் மிதித்துக்கொண்டோ, ஒரு கையில் பிடித்துக்கொண்டோ அராவக் கூடாது.

ஒரு குடும்பத்துக்காக இவ்வளவும் வாங்குவது கூடுதல் என்று தோன்றினால் நாலு வீட்டார் சேர்ந்து வாங்கலாம். ஓர் அரம் பல அரிவாள்களுக்கு வரும்.

மாற்றும் முறை

1. துருப் பிடித்த அலகில் மண்ணெண்ணெய் தடவி ஒரு இரவு வைக்கவும். மறுநாள் உப்புத்தாளால் தேய்த்துத் துடைக்கவும். பிடி ஆடினால் முதலில் பூணை இறுக்கிப் பிடியைச் சரி செய்யவும். ஆடும் பிடியோடு எந்த வேலையும் செய்யக் கூடாது.

2. அரம் பிடிக்கிறதா என்று பார்க்கவும். பிடிக்கு அருகில் வாயில் அரத்தை ஒரு முறை மெல்லத் தள்ளினால், அது கடித்து இரும்புப் பொடி உதிர வேண்டும். கடிக்காமல் கண்ணாடியில் வழுக்குவது போல் வழுக்கினால் அலகு மிகக் கெட்டியாகத் தோய்ச்சல் போடப்பட்டது என்று பொருள். அப்போது அரத்தைக் கெடுத்துக் கொள்ளாமல் முழு வேலையையும் கல்லாலேயே செய்யவும். நேரம் கூடும். ஆனால் அந்த அரிவாளின் கூர் நெடுநாள் நிற்கும்.

3. பள்ளப் பக்கம் மேலே தெரியுமாறு அலகைப் பொருத்தவும். அடுப்புக் கரியை ஒரு சொட்டு எண்ணெயில் குழைத்து, வாயை ஒட்டி அரை அங்குல அகலத்துக்குத் தடவவும். அரம் பட்ட இடத்தில் கரி போய் இரும்பு பளிச்சிடும். படாத இடம் கறுப்பாகவே இருக்கும். கண்ணை நம்புவதைவிட இந்தக் கரியை நம்பலாம்.

4. உடைந்த பற்களால் வாய் மேடும் பள்ளமுமாக இருந்தால், அரத்தின் வட்டப் பக்கத்தை வாயின் மேலேயே வைத்து, உள்வளைவை ஒட்டி லேசாக ஓட்டி மேடுகளைச் சமப்படுத்தவும். இங்கே அதிகம் அராவ வேண்டாம். வாயின் வளைவு ஒரே சீராக வந்தால் போதும்.

5. இனி சரிவு எடுக்க வேண்டும். அரத்தைப் படுக்க வைக்கவும் கூடாது, செங்குத்தாக நிறுத்தவும் கூடாது. இதற்கு எளிய அளவு ஒன்று உண்டு. தட்டையான பலகையில் பள்ளப் பக்கம் கீழே இருக்குமாறு அலகை வைத்து, முதுகை மட்டும் அலகின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரம் தூக்கிப் பாருங்கள். அப்போது பலகைக்கும் அலகுக்கும் இடையில் உள்ள கோணம் ஏறத்தாழ 20 டிகிரி. அதே சாய்வில் அரம் போக வேண்டும். புல்லரிவாளுக்கு இந்தச் சாய்வு போதும். இதைவிடக் குறைந்தால் வாய் மெலிந்து மடியும். மிகக் கூடினால் வெட்டாது.

6. அரத்தைத் தள்ளும்போது மட்டும் அழுத்தவும். திரும்ப இழுக்கும்போது தூக்கிவிடவும். வாய்க்கு நேர் குறுக்கே தள்ளாமல், பிடிப்பக்கத்திலிருந்து நுனியை நோக்கிச் சாய்வாக ஓட்டவும். இதனால் வாய் சீராக வரும். கை தவறினாலும் விரல் நேரே வாயில் போய் மோதாது.

7. எப்போது நிறுத்துவது என்பதுதான் முக்கியம். பல் நுனிகள் மறைந்தவுடன் வேலை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. நுனி போனாலும் பள்ளம் இருக்கும். பள்ளம் வாயைத் தொடும் வரை, ஒவ்வொரு முறை தீட்டும்போதும் அரைகுறைப் பல் மீண்டும் முளைத்துக்கொண்டே இருக்கும். எனவே வாயை ஒட்டிய ஒரு பள்ளமும் வாய் வரை எட்டாத அளவுக்குச் சரிவு எடுக்க வேண்டும். சரிவுக்கு மேலே அலகின் முகத்தில் கோடுகள் மிச்சமிருந்தால் கவலை இல்லை. அவை வெட்டுவதைத் தடுக்காது.

8. ஐந்தாறு தள்ளலுக்கு ஒரு முறை அலகைத் தண்ணீரில் நனைக்கவும். கரியை மீண்டும் தடவிப் பார்க்கவும். வெயிலை நோக்கிப் பிடித்து வாயைப் பார்த்தால் மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும். கூர் வந்த இடத்தில் கோடு தெரியாது. எங்கே மின்னுகிறதோ அங்கே மட்டும் மேலும் அராவவும்.

9. அராவி முடிந்தபின் தட்டைப் பக்கத்தில் மெல்லிய பிசிறு எழுந்திருக்கும். விரலை வாயின் மேல் ஓட்டாமல், முதுகுப் பக்கமிருந்து வாய்ப் பக்கம் மெல்லத் தடவினால் பிசிறு தெரியும். படகுக் கல்லைத் தண்ணீரில் நனைத்து, முதலில் சரிவில் இருபது முப்பது தடவை தீட்டவும். பிறகு தட்டைப் பக்கத்தில் கல்லை முற்றிலும் படிய வைத்து இரண்டு மூன்று தடவை மட்டும் ஓட்டிப் பிசிறை எடுக்கவும். தட்டைப் பக்கத்தில் சாய்த்துத் தேய்க்கக் கூடாது.

10. கடைசியாகத் தோல் வாரில் இரு பக்கமும் நாலைந்து தடவை, முதுகு முன்னே போகுமாறு இழுக்கவும். ஒரு கைப்பிடிப் பச்சைப் புல்லில் வெட்டிப் பார்க்கவும். நையாமல் சுத்தமாக விழுந்தால் வேலை முடிந்தது. கட்டை விரலை வாயில் வைத்துக் கூர் பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

ஒரு அரிவாளுக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். ஆகட்டும். ஒரு முறை செய்தால் போதும்.

சூடுதான் எதிரி

இந்த வேலையை மின்சாரச் சாணைச் சக்கரத்தில் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடலாமே என்று தோன்றும். தீப்பொறி பறப்பதைப் பார்த்தால் வேலை மும்முரமாக நடப்பது போலவும் இருக்கும். ஆனால் அந்த வேகத்தில் அலகுக்கு வருவது கேடு.

கொல்லர் அலகைச் சிவக்கக் காய்ச்சித் தோய்த்த பிறகு, அளவான சூடு காட்டிப் பதப்படுத்துகிறார். அந்தப் பதத்தில்தான் கூர் நிற்கிறது. மறுபடியும் அதிகச் சூடு ஏறினால் பதம் இளகிவிடும். சூடு ஏறுவதை நிறத்தால் அறியலாம். பளபளப்பான இரும்பு சுமார் 220 டிகிரி செல்சியஸில் வைக்கோல் மஞ்சளாகும். 260 டிகிரிக்கு அருகில் பழுப்பாகும். அதற்கு மேல் ஊதா நிறம் காட்டி, 300 டிகிரியை நெருங்கும்போது நீலமாகும். வாயில் நீலம் தெரிந்தால் அந்த இடத்தில் கெட்டித்தன்மை போய்விட்டது. எவ்வளவு தீட்டினாலும் பத்துப் பிடி புல்லுக்கு மேல் கூர் நிற்காது. “தீட்டினேன், தீட்டினேன், கூர் நிற்கவில்லை” என்று பலர் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

வாயின் ஓரம் காகிதம் போல் மெல்லியது. அதனால் சூடு அங்கே ஒரு நொடியில் ஏறிவிடும். பிடிப்பக்கம் குளிர்ச்சியாக இருக்கும்போதே வாய் நீலமாகிவிடலாம். நீலமான பிறகு தண்ணீரில் நனைத்தும் பயனில்லை. பதம் போனது போனதுதான். நீல நிறம் உள்ள பகுதியை அராவி எடுத்துவிட்டுப் புதிய வாய் எடுக்க வேண்டும். இல்லையேல் கொல்லரிடம் கொடுத்து மறுபடியும் தோய்ச்சல் போட வேண்டும். கையால் அராவும்போது இந்த அளவு சூடு வருவதில்லை. அதனால்தான் கைவேலையைப் பரிந்துரைக்கிறோம்.

சாணைச் சக்கரத்தில்தான் செய்ய வேண்டிய நிலை வந்தால், ஒவ்வொரு தொடுதலும் ஒரு நொடிக்கு மேல் இருக்கக் கூடாது. வெறுங்கையால் தொடக்கூடிய சூட்டிலேயே நனைத்துவிட வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். தோள் துண்டு, வேட்டி நுனி, சேலைத் தலைப்பு, தளர்ந்த தலைமுடி எதுவும் சக்கரத்தின் அருகே தொங்கக் கூடாது. சக்கரத்தின் ஓரம் உள்வளைவில் குழி விழச் செய்யும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆசாரியிடம் கொடுப்பதானால்

பக்கத்தில் கொல்லுப்பட்டறை இருந்தால் அவரிடம் கொடுப்பதே சுலபம். சேலம் கஞ்சமலை இரும்புத் தாதும், கொடுமணலில் அகழ்வாய்வில் கிடைத்த பழைய இரும்பு உலைகளும் நம் கொல்லர் மரபின் தொன்மைக்குச் சான்று. பழுதான லாரி ஸ்பிரிங் பட்டையில் அருமையான அரிவாள் அடித்துத் தரும் கை அவர்களுடையது.

ஆனால் என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். “ஆசாரியாரே, இது இனி நெல்லுக்கு வேண்டாம், புல்லுக்கு வேண்டும். பல்லை எடுத்துவிட்டு, கோடு இருக்கிற பக்கம் மட்டும் சரிவு எடுத்துக் கொடுங்கள். தோய்ச்சல் கெடாமல் தண்ணீர் போட்டுச் செய்யுங்கள்” என்று சொன்னால் போதும். நெல்லுக்கே வேண்டுமென்றால் புதிய பல் வெட்டித் தரச் சொல்லலாம். அதற்கு அவர் அலகைக் காய்ச்சி மென்மையாக்கி, உளியால் பல் வெட்டி, மறுபடியும் தோய்ச்சல் போடுவார். தெருவில் சைக்கிளில் சாணை பிடிக்க வருபவரிடமும் இதே போல் சொல்லலாம்.

அறுக்கும் முறையும் மாற வேண்டும்

அரிவாளின் வாயை மாற்றினால் போதாது. கையின் பழக்கத்தையும் மாற்ற வேண்டும். கருக்கரிவாளை வைத்துக்கொண்டு, தாளைச் சுற்றி வளைத்து நம் பக்கம் இழுப்போம். பல் கவ்விக் கொள்வதால் அது வழுக்காது. பல்லில்லாத வாயை அப்படி இழுத்தால் தாளின் மேல் வழுக்கி, பிடித்திருக்கும் இடது கையின் சுண்டுவிரலுக்கு வந்துவிடும். இதில் பல ஆண்டுப் பழக்கம் உள்ளவர்களும் ஏமாந்து போவதுண்டு.

எனவே புல்லைச் சற்று மேலே பிடித்து, கட்டை விரல் மேல்நோக்கி இருக்குமாறு வைத்து, அரிவாளை அடியிலிருந்து நுனி வரை சறுக்கிக்கொண்டே வெட்ட வேண்டும். பிடி சிறியதாக இருக்கட்டும். முதல் இரண்டு நாள் நிதானமாக வெட்டிப் பழக வேண்டும். வீட்டில் மற்றவர்களும் அதே அரிவாளை எடுப்பார்களானால், மாற்றிய அரிவாளின் பிடியில் சிவப்புத் துணியோ சாயமோ அடையாளம் வைத்து எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். ஒரே மாதிரி பிடியுள்ள இரண்டு அரிவாள்களில் ஒன்று பல் வாய், மற்றொன்று வழவழ வாய் என்றால் கை ஏமாறத்தான் செய்யும்.

பல்லில்லாத வாய்க்கு அடிக்கடி தீட்டல் தேவை. படகுக் கல்லை வயலுக்கே எடுத்துச் சென்று, கூர் மங்கும்போது சரிவில் ஐந்தாறு தடவை தீட்டிக் கொள்ளவும். வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து, விளக்கெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ மெல்லத் தடவி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் மாட்டவும். வாயை மறைக்கப் பழைய ரப்பர் குழாயைப் பிளந்து செருகலாம்.

கரணை வெட்டுவோர் கவனத்துக்கு

கள்ளக்குறிச்சிப் பகுதியில் கரும்பும் மரவள்ளியும் முக்கியப் பயிர்கள். இரண்டும் துண்டு வைத்து வளர்ப்பவை. கரணை வெட்டும் கத்தி தனிக் கத்தியாக, கனமாக, பல்லோ பிளவோ இல்லாத வாயுடன் இருக்க வேண்டும். காரணம், வெட்டு நைந்தால் கரணையின் நுனி பிளக்கும். பிளந்த நுனி வழியே மண்ணிலுள்ள பூஞ்சாணம் எளிதில் புகும். கரும்பில் அன்னாசி நோய் வெட்டு முனை வழியாகவே உள்ளே செல்கிறது. கரணை முளைக்காமல் உள்ளே கறுத்து அழுகும்.

மற்றொன்று, மறுதாம்புக் குட்டை நோய். கண்ணுக்குத் தெளிவான அறிகுறி எதையும் காட்டாமல் பயிரைக் குன்றச் செய்யும் இந்தப் பாக்டீரியா நோய் வெட்டுக் கத்தியில் ஒட்டும் சாறு மூலம் ஒரு கரும்பிலிருந்து மற்றொன்றுக்குப் பரவுகிறது. பல் வாயின் பள்ளத்தில் சாறு தங்கினால் கழுவினாலும் போகாது. வழவழ வாயைத் துடைத்தால் சுத்தமாகிவிடும். ஒரு வயலிலிருந்து மற்றொரு வயலுக்குப் போகும் முன் கத்தியைக் கழுவி, வேளாண்மை அலுவலர் கூறும் கிருமிநாசினிக் கரைசலில் நனைத்துத் துடைக்கவும். நெருப்பில் வாட்டிச் சுத்தம் செய்தால் மேலே சொன்னபடி பதம் போய்விடும்.

மரவள்ளிக் கரணை சுமார் 15 செ.மீ. நீளமும் 8 முதல் 10 கணுக்களும் உள்ளதாக, தேமல் நோய் இல்லாத செடியிலிருந்து எடுக்கப்பட வேண்டும். பட்டை உரியாமல், நுனி பிளக்காமல் வெட்ட வேண்டும். கூரிய கத்தி இல்லாவிட்டால் நுண்பல் இரும்பறுக்கும் வாளால் குச்சியைச் சுற்றித் திருப்பி அறுப்பதும் நல்ல முறையே. மரவள்ளி பற்றிய ஐயங்களுக்குக் கல்வராயன் மலையின் தெற்கே, சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தை விவசாயிகள் அணுகலாம்.

கை வெட்டுப்பட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் அரிவாள் வேலையில் காயம் நேரக்கூடும். உடனே சுத்தமான தண்ணீரும் சோப்பும் கொண்டு கழுவி, சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வைக்கவும். மண், சாணம், காப்பித் தூள், சுண்ணாம்பு எதையும் காயத்தில் வைக்கக் கூடாது. மண்ணிலும் சாணத்திலும் ரணஜன்னிக் கிருமி உண்டு. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று காயத்தைக் காட்டி, தடுப்பூசி தேவையா என்று கேட்டுப் போட்டுக் கொள்ளவும். விரலை மடக்க முடியவில்லை, மரத்துப் போகிறது என்றால் நரம்போ தசைநாரோ அறுந்திருக்கலாம். தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சில ஐயங்கள்

சந்தையில் விற்கும் பல் வைத்த எவர்சில்வர் கத்தியையும் இப்படி மாற்றலாமா?

மாற்றலாம். பெரும்பாலும் அதிலும் பல் ஒரு பக்கத்திலேயே வெட்டப்பட்டிருக்கும். அந்தப் பக்கத்தைத் தீட்ட வேண்டும். ஆனால் சில கத்திகளில் பல் பெரிதாகவும் ஆழமாகவும் இருக்கும். பல் முழுதும் போகும் வரை தேய்த்தால் அலகின் அகலம் மிகக் குறைந்துவிடும். அப்படிப்பட்ட கத்தியை அப்படியே விட்டுவிடலாம்.

மாற்றிய அரிவாளை மீண்டும் கருக்கரிவாளாக்க முடியுமா?

வீட்டில் முடியாது. பள்ளங்களைக் கொல்லர்தான் புதிதாக வெட்ட வேண்டும். அதனால்தான் மாற்றும் முன் தட்டைப் பக்கத்தைத் தீட்டிப் பார்த்து முடிவு செய்யச் சொல்கிறோம்.

இரு பக்கமும் சரிவு எடுத்தால் கூர் அதிகமாகுமா?

அரிவாளுக்குத் தேவையில்லை. தட்டைப் பக்கம் தட்டையாக இருந்தால்தான் அரிவாள் தரையை ஒட்டிப் படிந்து வெட்டும். தீட்டுவதும் சுலபம்.

அடுத்த மழைக்கு முன், ஓய்வான ஒரு பகல் பொழுதில் கூரைச் செருகலில் உள்ள அரிவாள்களை எல்லாம் இறக்கிப் பாருங்கள். பல் உள்ளதைத் தட்டைப் பக்கம் தீட்டி நெல்லுக்கும் சாமைக்கும் வையுங்கள். பல் போனதைப் பள்ளப் பக்கம் அராவிப் புல்லுக்கு வையுங்கள். விரிசல் விட்டதை மட்டும் பழைய இரும்புக்குப் போடுங்கள்.